க்யூஜிஐஎஸ்: டர்பனில் வரைபடம் போடுகிறவர்களுக்கான மதிப்புரை

ஐந்துக்கு நான்கு. இடத் தரவைக் கணினியில் வரைபடமாக்கும் ஜிஐஎஸ் (புவித் தகவல் அமைப்பு) மென்பொருள் இது. கழித்த ஒரு மதிப்பெண், ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறையான ஆய அமைப்பு விஷயத்துக்காக. இந்த மதிப்புரையில் பெரும்பங்கும் அதைப் பற்றித்தான் போகும், ஏனென்றால் தென்னாப்பிரிக்காவில் இந்த மென்பொருளைத் திறப்பவர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

2002ல் கேரி ஷெர்மன் தொடங்கிய திட்டம் இது. ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமம், காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தென்னாப்பிரிக்காவுக்கு இதில் பழைய பங்கு உண்டு. இதன் தளத்தில் கிடைக்கும் தொடக்கநிலை ஜிஐஎஸ் பாடம் 2009ல் ஈஸ்டர்ன் கேப்பில் நிலத்துறை கொடுத்த பணத்தில் எழுதப்பட்டது. பயிற்சிக் கையேட்டின் எடுத்துக்காட்டுகளோ வெஸ்டர்ன் கேப்பில் உள்ள ஸ்வெலன்டாமைச் சுற்றியே வருகின்றன. 10 முதல் 12ஆம் வகுப்பு வரை புவியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது பெரிய வசதி. பஃபர் (ஓர் இடத்தைச் சுற்றிக் குறித்த தூரம் வரையான பரப்பு), வெக்டர் (புள்ளி, கோடு, பரப்பு), ராஸ்டர் (கட்டம் கட்டமான படம்), பண்புத் தரவு என்று தேர்வுத்தாளில் வருகிற எல்லாவற்றையும் மாணவர்களுக்குப் பழக்கமான நிலத்திலேயே காட்டிவிடலாம்.

இனி சிக்கலுக்கு வருவோம். இந்நாட்டு நில அளவை வரைபடங்கள் எல்லாம் 'எல்ஓ' அமைப்பில் இருக்கும். நாட்டை 2 பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவே செல்லும் தீர்க்கரேகையிலிருந்து அளப்பது இது. மையத் தீர்க்கரேகை 15, 17, 19 என்று ஒற்றைப்படையில் 33 வரை போகும். டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் எல்ஓ 31. லேடிஸ்மித்தும் நியூகாசிலும் எல்ஓ 29. ஒரே மாகாணம், இரண்டு பட்டை. மாகாணத்தின் வடகிழக்கு மூலையில் கோசி பே பக்கம் போனால் மூன்றாவதும் வந்துவிடும். ஆயங்களின் திசையும் தலைகீழ்: ஒய் மதிப்பு மேற்கு நோக்கிக் கூடும், எக்ஸ் மதிப்பு நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கு நோக்கிக் கூடும். டர்பன் நகரமன்றத்தின் அருகே ஒரு புள்ளிக்கு ஒய் சுமார் -2,500, எக்ஸ் சுமார் +33,04,400 என்று வரும். 31ஆவது தீர்க்கரேகை பெரியா மேட்டை ஒட்டிச் செல்வதால் நகரத்துக்குள்ளேயே ஒய்யின் குறி மாறுகிறது. கடற்கரைப் பக்கம் மைனஸ். சாட்ஸ்வர்த் பக்கம் பிளஸ், அங்கே ஒய் சுமார் +10,600.

ஆயப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் குறியை மாற்றிப் போட்டுவிட்டாலோ, ஒய்யைக் கிழக்குத் தொலைவாக எடுத்துக்கொண்டாலோ என்ன ஆகும்? சாட்ஸ்வர்த் வீடுகள் இந்தியப் பெருங்கடலில் போய் நிற்கும். ஜிபிஎஸ் அட்சரேகையில் மைனஸை விட்டால் இன்னும் வேடிக்கை. டர்பனின் 29.86 தெற்கு 29.86 வடக்காகி, புள்ளிகள் எல்லாம் எகிப்தில், கெய்ரோவுக்குத் தெற்கே விழும். சென்னையில் ஜிஐஎஸ் பழகிவிட்டு இங்கே வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்த மைனஸில்தான்.

க்யூஜிஐஎஸ்ஸில் எல்ஓ 31க்கு இபிஎஸ்ஜி 2054 என்ற எண் உண்டு (எல்ஓ 29க்கு 2053); இபிஎஸ்ஜி என்பது ஆய அமைப்புகளுக்கான பொது எண் பட்டியல். அந்த அமைப்பில் உள்ள லேயரை (தரவு அடுக்கை) காலித் திட்டத்தில் முதலாவதாக இழுத்துப் போட்டால் படம் 180 பாகை திரும்பி நிற்கும்: தெற்கு மேலே, மேற்கு வலது பக்கம். மென்பொருள் கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கெடவில்லை. முதலில் வரும் லேயரின் ஆய அமைப்பைத் திட்டம் முழுவதற்கும் தானாக எடுத்துக்கொள்வது அதன் பழக்கம். எல்ஓவில் மேற்கும் தெற்கும் பிளஸ் என்பதால், பிளஸை வலப்புறமும் மேலேயும் வரைந்து வைக்கிறது. தீர்வு எளிது. லேயரின் ஆய அமைப்பு 2054ஆகவே இருக்கட்டும்; வலது கீழ் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்தித் திட்டத்தின் அமைப்பை மட்டும் மீட்டரில் அளக்கும் உலகப் பொது அமைப்பான யூடிஎம் 36 தெற்குக்கு (இபிஎஸ்ஜி 32736) மாற்றுங்கள். படம் நிமிர்ந்துவிடும். சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பிலிருந்து புள்ளிகளை ஏற்றும்போது, எக்ஸ் கேட்கும் பெட்டியில் அளவையாளரின் ஒய் நிரலையும், ஒய் கேட்கும் பெட்டியில் அவருடைய எக்ஸ் நிரலையும் கொடுங்கள். குறிகளைத் தொட வேண்டாம். இதற்கு ஒரு சின்ன எச்சரிக்கைக் குறிப்பாவது மென்பொருளிலேயே இருந்திருக்கலாம். கழித்த மதிப்பெண்ணில் பாதி இதற்கு.

மீதிப் பாதி பழைய கேப் டேட்டத்துக்கு (டேட்டம் என்பது ஆயங்களைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பூமி வடிவமும் அதன் நிலையும்). 1999 ஜனவரி 1 முதல் நாடு ஹார்டிபீஸ்ட்ஹூக் 94 என்ற புது டேட்டத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய வரைபடங்கள் கிளார்க் 1880 நீள்வட்டத்தில் கணக்கிடப்பட்டவை. டர்பன் அட்சரேகையில் இரண்டுக்கும் எக்ஸ் மதிப்பில் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். ஒய்யில் அவ்வளவு இல்லை, 25 மீட்டரை ஒட்டி. அதனால் பழைய பட்டியலை 2054 என்று ஏற்றினால் எல்லாம் வடக்கே ஒரு தெரு, இரண்டு தெரு தள்ளி உட்காரும். எகிப்துக்குப் போன புள்ளியை யாரும் கவனித்துவிடுவார்கள்; 300 மீட்டர் நகர்ந்தது கண்ணுக்குப் படாது. 1999க்கு முந்தைய தாள் எதுவானாலும் ஓரத்தில் டேட்டம் என்ன, அளவு மீட்டரா, ஆங்கில அடியா, கேப் அடியா என்று பாருங்கள். கேப் அடி 0.3149 மீட்டர், ஆங்கில அடி 0.3048 மீட்டர். மாற்றிப் பிடித்தால் நீளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

பரப்பளவுக்கு வருவோம். பின்னணியில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை முதலாவதாகப் போட்டிருந்தால் திட்டம் வெப் மெர்க்கேட்டருக்கு மாறியிருக்கும். அந்த வீழலில் (வளைந்த பூமியைத் தட்டைத்தாளாக்கும் முறையில்) டர்பன் அட்சரேகையில் பரப்பு உண்மையைவிட 33 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்புக்கு இரண்டு வழி. டாலர் குறியோடு தொடங்கும் 'ஏரியா', திட்டத்தில் நீள்வட்டம் அமைத்திருந்தால் வளைந்த பூமியின் மேல் அளக்கும், அதை நம்பலாம். அடைப்புக்குறிக்குள் வடிவத்தைக் கொடுத்து எழுதும் 'ஏரியா' தட்டைத்தாளில் அளக்கும். லேயர் வெப் மெர்க்கேட்டரில் இருந்தால் டோங்காட்டில் 3 ஹெக்டேர் கரும்புத் தோட்டம் கிட்டத்தட்ட 4 ஹெக்டேர் ஆகிவிடும். நாடு முழுவதையும் ஒரே படத்தில் ஒப்பிட வேண்டுமானால் ஆல்பர்ஸ் சமபரப்பு வீழல் போடுங்கள்; நிலைக்கோடுகள் 24, 33 தெற்கு, மையம் 25 கிழக்கு என்று வைத்தால் போதும்.

பல துறையினர் இதைப் பிடிக்கிறார்கள், அவரவர் தடுக்கி விழும் இடமும் வேறு. பொதுச் சுகாதாரத்தில் அதிகம் கேட்கப்படுவது 'கிளினிக்கிலிருந்து 5 கி.மீ.க்குள் எத்தனை வீடு'. பஃபர் கருவியில் 5 என்று அடித்தால், லேயர் பாகையில் இருக்கும்பட்சத்தில் 5 பாகை, அதாவது சுமார் 550 கி.மீ. வட்டம் கிடைக்கும். மீட்டர் அமைப்புக்கு மாற்றி 5000 கொடுங்கள். 'செக்மென்ட்ஸ்' என்ற பெட்டியில் இயல்பாக 5 இருக்கும். கால்வட்டத்துக்கு 5 துண்டு என்றால் வட்டம் என்று வருவது உண்மையில் 20 பக்க உருவம். 78.5 சதுர கி.மீ. வர வேண்டிய இடத்தில் 77.3 வரும். அதை 36 ஆக்கினால் குறை தீரும். இவ்வளவு திருத்தினாலும் அது காக்கை பறக்கும் தூரம்தான். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் நேர்கோட்டில் 5 கி.மீ. இருக்கும் வீட்டுக்குச் சாலை வழி எவ்வளவு என்பது மலையைப் பார்த்தாலே தெரியும். அதற்குச் சாலை வழி எட்டும் இடங்களைக் காட்டும் 'சர்வீஸ் ஏரியா' கருவியும் சாலை லேயரும் வேண்டும். அந்தக் கருவி வேகப் பெட்டியில் மணிக்கு 50 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளும், மண்சாலைக்கு அது கனவு. இரு சாலைகள் சந்திக்கும் இடத்தில் பொதுப்புள்ளி இல்லாவிட்டால் வழி அங்கேயே அறுந்துபோகும். முடிவில் ஒரு பக்கம் மட்டும் மொட்டையாக நின்றால் காரணம் அதுதான். இணைப்புச் சகிப்பு அளவை 1 மீட்டர் ஆக்கிப் பாருங்கள்.

சமூகவியல், அரசியல் ஆய்வாளர்களுக்கு வார்டு எல்லை. எல்லை வரையறை வாரியம் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளைத் திருத்துகிறது. 2011 கணக்கெடுப்பு எண்களை 2021 வார்டு எல்லையோடு இணைத்தால் எண் ஒத்துப்போகும், இடம் ஒத்துப்போகாது. வீட்டுமொழி, வருமானம் எதை வண்ணமிட்டாலும் எந்த ஆண்டு எல்லை என்று படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். இணைப்பு எல்லா வரிசையிலும் வெற்றாக வந்தால், ஒரு பக்கம் வார்டு எண் எழுத்தாகவும் மறுபக்கம் எண்ணாகவும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்கேன் செய்த பழைய தாளை நிலத்தின் ஆயங்களோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவி வரலாற்றுக்காரர்களுக்கு ஒரு வரம். கேட்டோ மேனரிலிருந்து மக்கள் வெளியேற்றப்படுவதற்கு முந்தைய தாளையும், குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த 1950 குழுப் பகுதிகள் சட்டத்துக்குப் பின் வந்த தாளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால், எந்தத் தெரு இருந்தது, எந்தக் கோயில் மட்டும் நின்றது என்று கண்ணுக்குத் தெரியும். முதற்படிப் பல்லுறுப்பு மாற்றம் என்ற பொருத்தும் முறைக்குத் தாளிலும் நிலத்திலும் அடையாளம் தெரியும் 3 புள்ளி போதும், ஆனால் 3 புள்ளியே கொடுத்தால் பிழை சுழியம் என்று காட்டும். அந்தச் சுழியத்தை நம்பாதீர்கள். பிழையைக் கணக்கிட மிச்சப்புள்ளி இல்லை என்பதே அதன் பொருள். 8, 10 புள்ளி கொடுங்கள், தாளின் நான்கு மூலைக்கும் பரப்பிக் கொடுங்கள். ரயில் பாலம், ஆற்றுப் பாலம், பழைய கோயில் கோபுரம் நல்லவை. ஆற்று வளைவு கூடாது, அது நகரும். 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 25 மீட்டர். அதற்குக் கீழே பிழையை இறக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தாள் எண்ணைக் கண்டுபிடிக்கும் முறையும் எளிது. 2931சிசி என்றால் 29 தெற்கு, 31 கிழக்கு கட்டத்தில் தென்மேற்குக் கால்பகுதி, அதிலும் தென்மேற்குக் கால். டர்பன் நடு அதில் வரும். சாட்ஸ்வர்த் பக்கத்துத் தாள், 2930டிடி. வெருலம், டோங்காட் 2931சிஏ.

வெள்ள ஆய்வுக்கு ஒரே வரி: உயர மாதிரியை மீட்டர் வீழலுக்கு மாற்றாமல் சரிவு கணக்கிட்டால் குவாசூலு-நட்டால் முழுக்கச் செங்குத்துப் பாறையாகத் தெரியும், கிடைத்தூரம் பாகையிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதால்.

தமிழில் பெயர் எழுதலாமா? தாராளமாக. ஆனால் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் வேண்டாம். அதில் நிரல் பெயருக்கு 10 பைட்தான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8ல் 3 பைட். 'கோயில்' என்று நிரலுக்குப் பெயர் வைத்தால் பாதியில் வெட்டுப்படும். குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி துணைக்கோப்பைக் கூட அனுப்ப மறந்தால் பெறுபவருக்குக் குப்பை எழுத்துதான். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவம் ஒரே கோப்பு, யூனிகோடு, நீள வரம்புத் தொல்லை இல்லை. ஆலயச் சங்கங்களிடம் இருக்கும் பழைய பட்டியல்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். எக்செல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள், வெறும் சிஎஸ்வி தமிழைக் கேள்விக்குறிகளாக்கும். தென்னாப்பிரிக்க அமைப்பில் ஓடும் விண்டோஸ் தசமப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும், நிரல்களை அரைப்புள்ளியால் பிரிக்கும். ஏற்றும் சாளரத்தில் இரண்டையும் சொல்லாவிட்டால் எல்லா ஆயமும் எழுத்தாகிப் புள்ளி ஒன்றுகூட விழாது. சாலைப் பெயரைக் கோட்டோடு வளைத்து எழுதும்போது பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கும். தமிழ்ப் பெயருக்குக் கிடைமட்ட லேபிளே பாதுகாப்பு.

மின்வெட்டு நாட்டில் இன்னொன்று. திருத்தங்களைச் சேமிக்கும் வரை அவை நினைவகத்தில்தான் கிடக்கும். மின்சாரம் போனால் போனதுதான். சேமித்தவையும் உடனே முதன்மைக் கோப்புக்குள் போவதில்லை. பக்கத்திலேயே டபிள்யூஏஎல் என்று முடியும் துணைக்கோப்பு ஒன்று உருவாகும், புதிய வரிகள் அதில் இருக்கும். மென்பொருள் திறந்திருக்கும்போது ஜியோபேக்கேஜை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போனால் கடைசி வேலை வீட்டிலேயே தங்கிவிடும். மூடிவிட்டு நகலெடுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ் புரோவோடு ஒப்பிட்டால், அச்சுக்கு அட்லஸ் போடுவதில் க்யூஜிஐஎஸ் சளைத்ததல்ல. நகராட்சியோ பெரிய நிறுவனமோ ஏற்கெனவே அந்தப் பக்கம் தரவு வைத்திருந்தால் மாறுவது சிரமம். தனி ஆய்வாளர், பள்ளி, ஆலயச் சங்கம் இவர்களுக்கு வாங்குவதில் அர்த்தமே இல்லை. பிளகின்கள் ஒரு கலவைச் சந்தை; புதுப் பதிப்பு வந்ததும் சில நின்றுபோகும். பாடங்களில் வரும் சாகா என்ற நில அலசல் கருவிகளைப் புதிய பதிப்பில் தேடினால் கிடைக்காது, தனி பிளகினாக நிறுவ வேண்டும்.

நிறுவும்போது 'நீண்டகால ஆதரவு' என்று குறித்த பதிப்பையே எடுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவது சோதனை பார்ப்பவர்களுக்கு. விண்டோஸ் கோப்பு 1 ஜிபிக்கு மேல், மொபைல் டேட்டாவில் இறக்கினால் பணம் கரையும். பள்ளிக்கூடம் என்றால் ஒருமுறை வைஃபையில் இறக்கிப் பென்டிரைவில் எல்லாக் கணினிக்கும் கொண்டுபோகலாம், உரிமம் அதைத் தடுக்காது.