இரண்டு வருடம் பாபிலோனில் ஆங்கிலம் படித்தேன்

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன புதிதில், சமூக அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, சர்ப்ளஸ்னா என்ன?" திருப்பூர்க்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? "காதர்பேட்டையில விக்கிற பனியன், கண்ணு" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் படித்தது பழைய நாகரிகங்கள் பாடம், அதில் வரும் சுமேரியர்கள் பனியன் விற்றிருக்க மாட்டார்களே என்று எனக்கே சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனின் தமிழ்வழிப் புத்தகத்தை வாங்கி அதே பாடத்தைப் பார்த்தேன். 'உபரி' என்று இருந்தது. சர்ப்ளஸ், எங்கள் ஊர்ப் பனியன் சந்தையான காதர்பேட்டையின் கடைப் பலகைகளில் பல வருடமாகத் தினமும் பார்த்த சொல். தேவைக்கு மேல் மிஞ்சியது என்பதுதான் அதன் பொருள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் கல்லூரி வரை தமிழ்வழி. ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை. பையர், அதாவது சரக்கு வாங்கும் வாடிக்கையாளர், அனுப்பும் மெயில்களைப் பாதி படித்து, மீதியை அனுபவத்தில் ஊகித்தே காலம் ஓட்டியிருந்தேன். அதற்கு முன் ஒரு சொல்வள ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டிப் பார்த்ததும் உண்டு. ஒரு சொல், கீழே நான்கு படம், சரியானதைத் தொட வேண்டும். மூன்று மாதத்தில் படத்தைத் தொடுவதில் தேர்ச்சி பெற்றேன். மெயில் பழைய மெயிலாகவே இருந்தது.

உபரி விஷயம் நடந்த அன்று இரவே அந்த ஒரு பாடத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எகிப்து, மெசபடோமியா, சீனா, சிந்துவெளி என்று நான்கும் அதில் வரும். இரண்டு வழிப் புத்தகங்களும் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் புரியாத வரி வந்தால் அகராதி வேண்டாம், தமிழ்ப் புத்தகத்தில் அதே பத்தியைப் பார்த்தால் போதும். சொல்லை நோட்டில் எழுதி, அப்புறம் ஆங்கி (Anki) என்ற ஆப்பில் கார்டாகப் போட்டுக்கொள்வேன். அது இலவச ஆப், ஆண்ட்ராய்டில் காசு கிடையாது. தெரிந்த சொல்லைச் சில நாள் கழித்து, பிறகு சில வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டி நீட்டிக் கேட்கும். தினமும் பஸ்ஸில் இருபது நிமிடம். அவ்வளவுதான் ஏற்பாடு.

என்னை உள்ளே இழுத்துப் போட்டது மெசபடோமியாதான், இன்றைய ஈராக் பக்கம், பாபிலோன் இருந்த இடம். அங்கே கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பகுதி பார்லி, பீர், ஆடு என்று சரக்குக் கணக்கு. 'ஊர்' (Ur) என்றே பெயர் கொண்ட நகரத்து அரசர்களின் காலத்தில் நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படியளந்த பார்லி கூடக் களிமண் பலகைகளில் பதிவாகியிருக்கிறது. ரேஷன், வீவர் (நெசவாளர்), ஸ்க்ரைப் (எழுத்தர்), லெவி (வரி) எல்லாம் அங்கே படித்த சொற்கள். பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு பலகையைப் பற்றிப் படித்தேன். கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய புகார்க் கடிதம். தரமில்லாத செம்புக் கட்டிகளைக் காட்டினாய், அனுப்பிய ஆளை மதிக்காமல் திருப்பி அனுப்பினாய், இனிமேல் என் முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுப்பேன் என்கிறார். அப்படியே எங்கள் பையர்! இன்ஸ்பெக்‌ஷன், ரிஜெக்‌ஷன் எல்லாம் அப்போதே இருந்திருக்கிறது. இன்காட் (உலோகக் கட்டி), கன்டெம்ப்ட் (அவமதிப்பு) என்ற இரண்டு சொற்களையும் அதற்குப் பிறகு ஆங்கி ஒரு தடவைகூட எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரே சொல் பல இடத்தில் வேஷம் மாற்றி வருவதும் இந்தப் பாடங்களில்தான் பிடிபட்டது. டேப்லெட் களிமண் பலகை, மாத்திரை, மகளின் கையில் இருக்கும் கருவி. அன்று களிமண்ணில் எழுதிய நாணல் குச்சிக்கும், இன்று அந்தக் கருவியில் எழுதும் பேனாவுக்கும் ஸ்டைலஸ் என்றுதான் பெயர். சிந்துவெளிப் பாடத்தில் செட்டில்மென்ட் என்றால் குடியிருப்பு, எங்கள் அக்கவுண்ட்ஸில் கணக்குத் தீர்ப்பது.

வேர்ச்சொல் பார்க்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மெசபடோமியா என்ற பெயரில், கிரேக்கத்தில் மெசோஸ் என்றால் நடு, பொடமோஸ் என்றால் ஆறு. அதே பொடமோஸ்தான் ஹிப்போபொடமஸிலும் இருக்கிறது: ஆற்றுக் குதிரை. கிரேக்கர் கண்ணுக்குக் குதிரை, நமக்கு யானை. அந்தக் களிமண் பலகைகளின் எழுத்துக்குப் பெயர் க்யூனிஃபார்ம், அதில் இருக்கும் க்யூனியஸ் லத்தீனில் ஆப்பு. 'ஆப்பெழுத்து' என்ற தமிழ்ப் பெயர் அதை நேராகவே சொல்லிவிடுகிறது. ஏதென்ஸில் ஒருவரைப் பத்து வருடம் ஊரைவிட்டு அனுப்ப, பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட்டார்கள். ஓட்டுக்குப் பெயர் ஆஸ்ட்ரகான், அதிலிருந்து ஆஸ்ட்ரசைஸ், தள்ளிவைத்தல். ரோமில் தேர்தலில் நிற்பவர் வெளுத்த வெள்ளை ஆடையில் வருவார், வெள்ளைக்கு லத்தீனில் கேன்டிடஸ், அதனால் கேன்டிடேட். நம்மூர் வேட்பாளர்கள் லத்தீன் படிக்காமலே அதைக் கடைப்பிடிக்கிறார்கள். ஜிஞ்சருக்கு வேர் தேடிப் போனால் கிரேக்க சிங்கிபெரிஸ், பாலியின் சிங்கிவேரம் என்று நீண்டு, கடைசியில் நம் இஞ்சியில் வந்து முட்டுகிறது.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. சாலரி என்ற சொல்லில் லத்தீனின் உப்பு இருக்கிறது என்றதும், ரோமானியச் சிப்பாய்க்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சொல்லில் உப்பு இருப்பது மட்டுமே உறுதி, உப்பாகச் சம்பளம் தந்ததற்குச் சான்று இல்லை என்று பின்னால் படித்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது குறைகள். முதல் ஆறு மாதம் சிகுராட் (படிப்படியாக உயரும் கோயில் மேடை), சார்க்கோஃபகஸ் (கல் சவப்பெட்டி), ஒபிலிஸ்க் (கூர்முனைக் கல்தூண்) என்று பெரிய பெயர்களாகப் பார்த்துச் சேர்த்தேன். பையர் யாரும் சிகுராட் ஆர்டர் கொடுக்கப் போவதில்லை. 640 கார்டில் 200க்கு மேல் அழித்தேன். அந்தப் பெயர்களைச் சுற்றி நின்ற சாதாரணச் சொற்கள்தான் பிழைத்தன: ஃப்ளரிஷ் (செழிப்பது), டிக்ளைன் (சரிவது), எஸ்டாப்ளிஷ் (நிறுவுவது), டிரான்ஸ்போர்ட், டிசைஃபர் (புரியாத எழுத்தைப் படித்தறிவது), அபண்டன் (கைவிடுவது). புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலிலேயே இவற்றுக்குக் கார்டு போட்டால் என் ஆறு மாதம் மிச்சம்.

உச்சரிப்பு அடுத்த தலைவலி. கண்ணால் மட்டும் படித்ததால் கல்லறைக்கான டூமை ஒரு வருடம் 'டோம்ப்' என்றே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஆடியோவில் இரண்டாம் ராம்செஸ் 66 வருடம் 'ரெய்ன்' என்று கேட்டு, எகிப்தில் ஏது அவ்வளவு மழை என்று குழம்பினேன். ஆட்சி செய்வதற்கும் ஆங்கிலத்தில் அதே ஒலிதான் என்று மகள் சொன்னாள். அதன் பிறகு ஒலி சேர்க்காமல் கார்டு போடுவதில்லை.

பேச்சு? அதற்கு இது உதவவில்லை. வீடியோ காலில் "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதைச் சட்டென்று ஆங்கிலத்தில் சொல்ல வராமல் திணறிய அன்று, நீர்ப்பாசனத்துக்கும் அணைக்கட்டுக்கும் ஆங்கிலம் தெரிந்து என்ன பயன் என்று எரிச்சலாக இருந்தது. பேச்சுக்குத் தனியாக ஆள் வேண்டும். வாசிப்பு மட்டும் நிஜமாகவே மாறியிருக்கிறது. மெயிலை இப்போது கடைசி வரி வரை படிக்கிறேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்துவிட்டாள், நான்தான் இன்னும் ரோமில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பையர் தன் சந்தையில் டிமாண்ட் 'டெசிமேட்' ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். ரோமானியப் படையில் பத்துக்கு ஒருவரைக் கொல்லும் தண்டனை அது, எனக்கு அத்துப்படி. பத்து சதவீதம்தான் குறைந்திருக்கிறது என்று மேனேஜரிடம் தெம்பாகச் சொன்னேன். அவர் மெயிலை வாங்கிப் படித்துவிட்டு, "ஏனுங்க, இது முக்காவாசி போச்சுங்கறாரு" என்றார். அந்தச் சொல்லுக்கு இப்போது என்னிடம் இரண்டு கார்டு இருக்கிறது.