பிளஸ் டூ பிள்ளைகளின் கடைசி நாள் டி-ஷர்ட்: திருப்பூர் பட்டறையில் அடித்து வாங்கிய கதை

பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு டி-ஷர்ட் அடிப்பதாக இருந்தால், திருப்பூர் பி.என். ரோட்டை ஒட்டிய சந்துகளில் இருக்கும் ஜாப் ஒர்க் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நாங்கள் கொடுத்த இடத்துக்கு போர்டு கூடக் கிடையாது. தகர ஷெட்டு, வாசலில் ஸ்கிரீன் (அச்சடிக்கிற வலைச் சட்டம்) கழுவுகிற தொட்டி, உள்ளே நீளமாக ஒரு மேஜை. துணிக்கு நல்ல மார்க் போடலாம். அச்சுக்கு அதைவிட எச்சாகவே போடலாம். சொன்ன தேதிக்குக் கொடுக்கிற விஷயத்தில் பாஸ் மார்க்கே கஷ்டம்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் குழந்தைகள் போட்டிருக்கிற பனியனின் தையலைத்தான் கண் முதலில் தேடும். மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் குரூப். "எங்கம்மா கம்பெனியிலயே அடிச்சுத் தருவாங்க" என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் 46 பீஸுக்கு யார் லைன் ஓட்டுவார்கள்? ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தால்தான் கட்டிங் டேபிளில் துணியே விரியும்.

அதனால் வெளியே தேடினோம். காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் ரெடிமேட் பிளெயின் டி-ஷர்ட் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் 46 பீஸும் ஒரே வெள்ளையாக, ஒரே துணியாகக் கிடைப்பது கஷ்டம். பாதி பால் வெள்ளை, பாதி பழுப்பு என்று வந்து நிற்கும். குரூப் போட்டோவில் அது அப்பட்டமாகத் தெரியும். பக்கத்து செக்‌ஷன் பிள்ளைகள் அங்கேயே வாங்கி, மேலே ஸ்டிக்கர் பிரிண்ட் ஒட்டிக்கொண்டார்கள். போட்டோவுக்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டு துவையலில் ஓரம் தூக்கிக்கொண்டது. ஆன்லைனில் ஒற்றை பீஸுக்கு நல்ல சேவை இருக்கிறது, ஆனால் சொன்ன விலைக்கு இங்கே இரண்டு டி-ஷர்ட் வாங்கிவிடலாம்.

பட்டறைக்காரர் நாற்பது வயதுக்காரர், முன்னாடி பனியன் தைக்கிற பேட்லாக் மெஷினில் டெய்லராக இருந்தவராம். "துணி எங்குளுதுங்க்கா, தையல் பவர் டேபிள்ல குடுத்து வாங்கிக்கலாம், பிரிண்டிங் இங்கயே. எல்லாம் ஒட்டுக்காப் பண்ணிப்போடலாமுங்க" என்றார். பவர் டேபிள் என்றால் தைத்துக் கொடுக்கிற யூனிட். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, சீவிச் சுத்தமாக்கிய கோம்டு நூல், பிசிறு போக பயோ வாஷ் செய்தது என்று சொன்னார். சொன்னதை அப்படியே நம்புவதற்கு நான் செக்கிங்கில் இருக்க வேண்டியதில்லையே. ஒரு துண்டு வாங்கிப் போய் எங்கள் கம்பெனி ஜி.எஸ்.எம். கட்டரில் வட்டமாக வெட்டி எடை போட்டேன். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். கிராமில் வருகிற எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.72 கிராம் காட்டியது, அதாவது 172. ஐந்து சதவீதம் முன்னே பின்னே எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிற பையரே ஒத்துக்கொள்வார், சரி என்று விட்டுவிட்டேன். துவைத்துப் பார்த்ததில் 70 சென்டிமீட்டர் நீளம் 67-க்கு வந்துவிட்டது. இதுவும் ஐந்து சதவீதத்துக்குள்தான், ஆனாலும் உயரமான பிள்ளைகளுக்கு அந்த மூன்று சென்டிமீட்டர் பெரிசு.

கலர் விஷயத்தில் பிள்ளைகளோடு எனக்குப் பெரிய வாக்குவாதம். எல்லாருக்கும் கறுப்புதான் வேண்டும். கறுப்பில் எழுத வெள்ளைப் பெயின்ட் பேனா தேடி அலைய வேண்டும், அதுவும் ஜெர்சித் துணியில் பாளம் பாளமாக உட்காரும். வெள்ளைத் துணி என்றால் சாதாரண மார்க்கரே போதும். இந்த டி-ஷர்ட்டைப் பிள்ளைகள் வாங்குவதே ஒருத்தி மேல் ஒருத்தி கையெழுத்துப் போடத்தானே? ஆண்கள் பள்ளி ஒன்றின் டி-ஷர்ட்டைப் பார்த்தேன். நெஞ்சு முழுக்க சிங்கம், அதன் கீழே ஒரு பஞ்ச் டயலாக், முதுகு முழுக்கப் பெயர். கையெழுத்துக்கு அக்குள்தான் மிச்சம். எங்கள் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: இடது நெஞ்சில் உள்ளங்கை அளவு டிசைன், முதுகில் மேல் பாதியில் பெயர்கள், மீதியெல்லாம் வெறும் துணி. அப்பவும் முனகினார்கள். கடைசி நாளில் யாரும் முனகவில்லை.

பெயர்ப் பட்டியல்தான் இந்த வேலையிலேயே சிக்கலான பகுதி. பெயர்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் தீர்மானம், எனக்கும் அதில் சந்தோஷம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் பட்டறை கம்ப்யூட்டரில் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக உடைந்து கிடந்தது. டிசைன் செய்கிற தம்பி பழைய வெர்ஷன் கோரல் டிசைன் சாப்ட்வேரும் பழைய ஃபான்ட்டும் வைத்திருந்ததால் எல்லாப் பெயரையும் முதலில் இருந்து அடிக்க வேண்டியதாயிற்று. பிரிண்ட் அவுட் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொருத்தியும் தன் பெயருக்குப் பக்கத்தில் டிக் போட்ட பிறகுதான் ஸ்கிரீன் போடுவதற்கான பிலிமுக்கு விட்டோம். இதை யாரும் தவிர்க்காதீர்கள். இனிஷியல் மாறிப் போனால் அப்பா பெயரே மாறிப் போன மாதிரி அழுவார்கள்.

பதிவேட்டில் இருப்பது 45 பேர். டி-ஷர்ட் 46 என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு பிள்ளையின் குடும்பம் வேலை சரியில்லாமல் தேனிப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டது. பனியனை நம்பி வந்து, ஆர்டர் குறைந்தால் மூட்டை கட்டுகிற குடும்பங்கள் இந்த ஊரில் எவ்வளவோ. அவள் பெயரும் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஞாபகம் வந்தபோது ஸ்கிரீன் போட்டாகிவிட்டது. பிலிமை வைத்து லைட் காட்டிக் கழுவிய பிறகு, எழுத்து இருக்கிற இடம் மட்டும்தான் மை இறங்கத் திறந்திருக்கும், நடுவில் ஒரு பெயரைச் செருக வழியில்லை. கீழே தனியாகப் போட்டுத் தருகிறேன் என்றார் பட்டறைக்காரர். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டென்டன்ஸில் அவள் 17, இங்கேயும் பதினேழாவதாகத்தான் வர வேண்டும் என்று பிடிவாதம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செரி, உடுங்க சாமி" என்று ஸ்கிரீனைச் சுத்தமாகக் கழுவி, புது பிலிம் எடுத்து மறுபடியும் போட்டுத் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அச்சுக்கு எச்சாக மார்க் போடலாம் என்று மேலே சொன்னதில் இதற்கும் பங்கு உண்டு.

அச்சு மை பிக்மென்ட் வகை, கருநீலம். பளபளவென்று ரப்பர் மாதிரி நிற்கிற பிளாஸ்டிசால் மை வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். பிக்மென்ட் துணியோடு துணியாக இருக்கும், சின்ன எழுத்து மேல் கை வைத்தால் தெரியவே தெரியாது. சுமார் 150 டிகிரி சூட்டில் மை சரியாக இறுகினால்தான், அதாவது க்யூரிங் ஆனால்தான், துணியைப் பிடிக்கும் என்பதால், ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். கறை இறங்கவில்லை. மண்ணெண்ணெய் வாடை மட்டும் முதல் துவையல் வரைக்கும் இருந்தது, அது பிக்மென்ட்டுக்கு இருக்கிறதுதான்.

கணக்கு: டி-ஷர்ட் 170 ரூபாய் வீதம் 46-க்கு 7,820. இரண்டு ஸ்கிரீனுக்கு 700. மொத்தம் 8,520. பிள்ளைகள் 45 பேர் ஆளுக்கு 190 போட்டார்கள், மிச்சம் 30 ரூபாய் மார்க்கருக்குப் போயிற்று.

இனி குறைகள். வியாழக்கிழமை தருகிறேன் என்றவர் விழா அன்று காலையில்தான் தந்தார். நடுவில் ஏதோ எக்ஸ்போர்ட் அவசரம், எங்கள் கட்டு மேஜைக்குக் கீழே போய்விட்டது. போன் போட்டால் "க்யூரிங்ல இருக்குதுங்க்கா" என்பார். வந்த பீஸில் பிசிறு வெட்டவே இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, நானும் இரண்டு அம்மாக்களும் பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு டிரிம்மரோடு வெட்டினோம். ஒன்றில் பக்கத் தையல் விட்டிருந்தது. எச்சாக இரண்டு பீஸ் போட்டுக் கொடுத்திருந்ததால் தப்பித்தோம்.

விழா எல்லாப் பள்ளியிலும் நடக்கிற மாதிரிதான். பிளஸ் ஒன் பிள்ளைகள் லட்டு, மிக்சர், ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். ஹெச்.எம். ஹால் டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள் என்று பேசினார். யூனிபார்மில் இங்க் தெளிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று முன்னாடியே உத்தரவு. தங்கச்சி போட வேண்டிய யூனிபார்ம் என்பதால் எந்த அம்மாவும் அதை எதிர்க்க மாட்டாள். அதனால் எல்லா ஆசையும் டி-ஷர்ட் மேல்தான் இறங்கியது. ஜெர்சித் துணி பேனாவுக்கு இழுத்துக்கொண்டு போகும், எழுத்து கோணும். யாரோ ஒருத்தி பரீட்சை அட்டையை உள்ளே செருகினாள், அப்புறம் எல்லாரும் அதையே செய்தார்கள். பப்ளிக் எக்ஸாமுக்கு வாங்கிய அட்டை முதலில் இதற்குத்தான் பயன்பட்டது. தேனிக்குப் போக வேண்டிய டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து 45 பேரும் எழுதினார்கள். கணக்குப்பதிவியல் டீச்சர் அதில் 'நன்றாகப் படி, போன் செய்' என்று எழுதி, கீழே நம்பரும் போட்டார். மறுநாள் கூரியரில் அனுப்பினோம்.

என் மகளின் டி-ஷர்ட்டில் இரண்டு பெயர்களை என்னால் படிக்கவே முடியவில்லை, மை பரவிவிட்டது. சாதாரண மார்க்கர் பருத்தியில் கொஞ்சம் பரவும், துவைக்கத் துவைக்க மங்கவும் செய்யும். துணிக்கென்றே விற்கிற மார்க்கர் வாங்கி, எழுதிய பிறகு உள்பக்கமாகத் திருப்பி அயர்ன் போட்டால் நெடுநாள் நிற்கும். எங்கள் வீட்டில் துவைக்கிற பேச்சே இல்லை. இங்கேயே எல்.ஆர்.ஜி. காலேஜில் சேர்ந்தாலும் சரி, கோயம்புத்தூர் போனாலும் சரி, இது பீரோவில்தான் இருக்குமாம்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் பொங்கலுக்கு முன்னாடியே கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வந்து டேபிள் ஓட ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் பிராக்டிகல் வந்துவிடும். விழாவுக்கு ஒரு வாரம் முந்தைய தேதியைச் சொல்லுங்கள், சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்குப் போய் நிற்காதீர்கள். மீடியம் போடுகிற பிள்ளைக்கு லார்ஜ் எழுதுங்கள்.