மருத்துவச் செலவை 'அட்வான்ஸ்' என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள்: சிங்கப்பூரில் வேலை செய்வோர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை செய்யும் எனக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கான செலவைக் காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனம் கட்டித் தீர்த்த பிறகும், என் முதலாளி அதே செலவைக் காட்டி மாதம் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் என் சம்பளத்தில் பிடித்து வந்தார். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களிடமும் இதையே செய்கிறார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நள்ளிரவில் வலி தாங்க முடியாமல் சூப்பர்வைசரை அழைத்தபோது, பனடால் போட்டுக்கொண்டு காலையில் கம்பெனி கிளினிக்குக்குப் போகும்படி சொன்னார். அறையில் இருந்த நண்பர்கள்தாம் டாக்சி பிடித்து அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் என்னைச் சேர்த்தார்கள். மருத்துவர்கள் மீதோ தாதியர் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அரசு மருத்துவமனையே என்றாலும் நமக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணந்தான் என்பதால், செலவை ஏற்பதாக முதலாளி தரும் எல்ஓஜி கடிதத்தை அங்கே கேட்கிறார்கள். அதை அனுப்பவே எங்கள் அலுவலகம் மறுநாள் மதியம்வரை இழுத்தடித்தது.

விடுதிக்குத் திரும்பியதும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நகல் கேட்டேன், தரவில்லை, நானும் கையெழுத்திடவில்லை. அப்படியும் அந்த மாதச் சம்பளச் சீட்டில் நான் வாங்கவே வாங்காத 'அட்வான்ஸ்' ஒன்று கழிக்கப்பட்டிருந்தது. மருத்துவச் செலவு என்று எழுதினால் சட்ட மீறலுக்குத் தாங்களே சாட்சி எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்று தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பாதிதான் கொடுத்தது, மீதியை நான்தான் கட்ட வேண்டும், மறுத்தால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார் மேலாளர்.

இது பொய். ஒர்க் பெர்மிட் தொழிலாளியின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பது அந்த அனுமதியின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. 2023 ஜூலை 1 முதல் எடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் காப்புறுதி, உள்நோயாளி சிகிச்சைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி வரை இருக்க வேண்டும். முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனமே முழுமையாகவும், அதற்கு மேற்பட்டதில் 25 விழுக்காட்டை முதலாளியும் எஞ்சியதைக் காப்புறுதி நிறுவனமும் ஏற்க வேண்டும். கட்டாயக் காப்புறுதியின் வரம்பைத் தாண்டும் செலவில் மட்டுமே தொழிலாளியிடம் ஒரு பங்கு கேட்கலாம். அதற்கும் வேலை ஒப்பந்தத்தில் அவருடைய சம்மதம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் 10 விழுக்காட்டுக்கு மேலோ, மொத்தம் ஆறு மாதத்துக்கு மேலோ பிடிக்கக் கூடாது. என் பில் 15,000 வெள்ளியைக்கூட எட்டவில்லை.

மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் பெர்மிட் அட்டையைக் காட்டி இறுதி பில்லின் நகலைக் கேட்டு வாங்கினேன். நிலுவை ஏதுமில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. அதையும் சம்பளச் சீட்டுகளையும் சிராங்கூன் சாலையில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில், நம்மவர்கள் எம்டபிள்யூசி என்று சொல்லும் இடத்தில், காட்டினேன். அங்கே தமிழிலேயே பேச முடிந்தது. மனிதவள அமைச்சில் புகார் பதிவான பிறகு, அதுவரை தொலைபேசியை எடுக்காத மேலாளர் தாமே கூப்பிட்டார். பிடித்த பணம் இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது.

பெர்மிட்டை ரத்து செய்வோம் என்பதை வெற்று மிரட்டல் என்று நான் சொல்ல மாட்டேன். முதலாளிக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆகவே சம்பளச் சீட்டு, பில், ஒப்பந்தம் ஆகியவற்றைப் படம் எடுத்து, ஊரில் நம்பகமான ஒருவருக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

என்னிடம் நீட்டிய அதே தாளை இப்போது ஊரிலேயே ஏஜென்ட் மூலம், வேலை ஒப்பந்தக் கட்டோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குவதாக அண்மையில் வந்த தம்பி ஒருவர் சொன்னார். விமானம் ஏறும் அவசரத்தில் கொடுத்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் கைக்கு வராமல் பேனாவைத் தொடாதீர்கள்.