சோளமா, கம்பு நேப்பியரா: நான் ஏன் மாறினேன்

நாலு கறவை மாட்டுக்குப் பசுந்தீவனம் போட அரை ஏக்கர் ஒதுக்கினேன். யோசித்தது இரண்டைத்தான்: விதை தூவினாலே வந்துவிடுகிற கோ.எப்.எஸ். 29 ரகத் தீவனச் சோளம், கரணை (தண்டுத் துண்டு) நட்டு வளர்க்கும் கோ 5 ரகக் கம்பு நேப்பியர் புல். முதலில் சோளம் போட்டேன், இரண்டு வருடம் வைத்திருந்தேன். இப்போது நேப்பியர்.

விளைச்சலில் நேப்பியரோடு போட்டி போட முடியாது. வருடத்துக்கு ஹெக்டேருக்கு அது 360 டன் என்றால், சோளம் 170 டன் பக்கம். ஆனால் சோளத்துக்குத் தண்ணீர் குறைவு, மாடும் ஆசையாகத் தின்னும். சரி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நான் மாறியது மறுதாம்புக்கு, அதாவது அறுத்த தூரிலிருந்து மறுபடி வளரும் பயிருக்குப் பயந்து.

சோளப் பயிரில் தூரின் என்றொரு பொருள் உண்டு. மாடு இலையை மென்று விழுங்கியதும் அதிலிருந்து சயனைடு பிரியும். இளம் பயிரிலும், அறுத்தபின் வரும் துளிரிலும் அது அதிகம். காய்ந்து நின்ற பயிர் ஒரு மழைக்குக் கிளம்பினால் அந்தத் துளிர் இன்னும் மோசம். யூரியாவை அள்ளிப் போட்டாலும் ஏறும்.

ஒரு சாயங்காலம் சினை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு முழங்கால் உயர மறுதாம்பில் போய் நின்றது. கயிறு நைந்துபோனது தெரிந்தும் மாற்றாமல் விட்டது என் தப்பு. இழுத்து வந்து கட்டிய சற்று நேரத்தில் வாயில் நுரை, இரைப்பு, கால் பின்னிச் சாய்ந்துவிட்டது. டாக்டர் கண் இமையை விலக்கிக் காட்டினார், உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றார். சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றினார். அவர் பக்கத்து ஊரில் இருந்ததால் மாடு பிழைத்தது.

நேப்பியரில் இந்தச் சயனைடுத் தொல்லை இல்லை. அதற்காகச் சுத்த சைவம் என்றும் சொல்லமாட்டேன். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். உரம் மிஞ்சினால் நைட்ரேட் சேரும், அப்போது ரத்தம் சாக்லேட் நிறமாகும். அதனால் நேப்பியரை மட்டும் போடாமல் வேலிமசால் என்கிற பயறுவகைத் தீவனமும் தாது உப்புக் கலவையும் சேர்த்துக் கொடுக்கிறேன். ஒன்றரை வருடமாகத் தொந்தரவு இல்லை. ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்ததில்லை.

சோளத்தை அடியோடு விடவில்லை. மானாவாரியில் போட்டு, கதிர் முற்றியபின் அறுத்து, நன்றாகக் காயவைத்துத் தட்டாகப் போர் போடுகிறேன். காய்ந்தால் நஞ்சு பெரும்பாலும் போய்விடும்.

கயிற்றையும் மாற்றிவிட்டேன். இருந்தும் போன மாதம் அதே மாடு முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு போய் நேப்பியரில் நின்றது. திட்டிக்கொண்டே இழுத்து வந்தேன்.