போர்முலா ஈ: கிளிநொச்சியிலிருந்து சில பருவங்கள் பார்த்த பிறகு

மின்சாரக் கார்கள் மட்டும் ஓடும் போர்முலா ஈ பந்தயத்தைப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். போர்முலா வன் பார்த்துப் பழகிய கண்ணோடு வந்தால் அரை மணித்தியாலத்துக்குள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவீர்கள். இங்கே வேகத்துக்கு இரண்டாம் இடம்தான். கையிலிருக்கும் கரண்டை யார் வடிவாகச் செலவழிக்கிறார் என்பதுதான் பந்தயம். திரையில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் மிச்சமிருக்கும் பற்றரி சதவீதம் அடிக்கடி வந்துபோகும். அந்த இலக்கத்தைப் பார்க்கப் பழகினவர்கள் தங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் போய்விடுகிறார்கள். எங்கள் வட்டத்திலும் அப்படித்தான் நடந்தது.

நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது 2020 ஓகஸ்டில். கொரோனாவால் நின்றுபோன பருவத்தை முடிக்க பெர்லினில் பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் 9 நாளுக்குள் 6 ரேஸ் வைத்தார்கள். எங்களுக்கு அது இரவு, வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு இருக்கிற நேரம். ஒரே இடத்தில் தொடர்ந்து பார்த்ததால் விதிகள் தானாகப் பிடிபட்டன. அந்த முறை அன்ரோனியோ பெலிக்ஸ் ட கொஸ்ரா பட்டம் வென்றார். அதற்குப் பிறகு நேரலை கிடைத்தால் நேரலை, இல்லாவிட்டால் யூரியூப்பில் சுருக்கம் என்று தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

இந்தச் சதவீத விளையாட்டு எங்கள் ஊர் ஆட்களுக்கு ஏன் சட்டென்று விளங்குகிறது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு ரேஸுக்கு ஒரு காருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 40 கிலோவாட் மணி, அதாவது கரண்ட் பில்லில் வருகிற 40 யூனிட். இலங்கையில் வீட்டு மின்பட்டியல் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். அதனால் மாதக் கடைசியில் மீட்டரை எட்டிப் பார்த்து, ஃபானை நிறுத்தச் சொல்லும் அம்மாக்கள் வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் இழுத்துப் பிடிப்பதை அங்கே முக்கால் மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கிறார்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் அட்டை வந்தபோது, பரந்தனிலிருந்து முறிகண்டிக்குப் போய்வர எவ்வளவு முடியும் என்று மனக்கணக்குப் போடாத ஆள் யார்? அந்தச் சனத்துக்கு ‘இவனிடம் 9 வீதம் இருக்கு, முன்னுக்குப் போறவனிடம் 7 தான் இருக்கு’ என்று சொன்னால் மேலே ஒரு விளக்கமும் தேவையில்லை.

கணக்குப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ரேஸைச் சொல்கிறேன், தேடிப் பாருங்கள். 2019 மெக்சிக்கோ. மஹிந்திரா அணியில் ஓடிய பாஸ்கல் வேர்லைன் கடைசி வளைவு தாண்டும் வரைக்கும் முதலாவது. முடிவுக்கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது பற்றரி காலி. பின்னால் வந்த லூக்காஸ் டி கிராஸி கோட்டுக்குச் சில மீற்றர் முன்னால் தாண்டி வென்றார். மற்றது 2021 வலென்சியா. விபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் விடும் பாதுகாப்புக் கார் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் பாவிக்கக்கூடிய சக்தியின் அளவை விதிப்படி குறைத்துக்கொண்டே போனார்கள். அப்போது ரேஸ் சுற்றுக் கணக்கில் இல்லை, நேரக் கணக்கில். கடைசியில், முன்னால் நின்ற ட கொஸ்ரா நேரம் முடிய ஒரு சில விநாடி இருக்கும்போது கோட்டைத் தாண்டியதால் இன்னொரு சுற்று ஓட வேண்டியதாயிற்று. அதற்குப் பலரிடம் கரண்ட் இல்லை. காருக்குப் பின் கார் நடை வேகத்துக்கு வந்து நின்றது, நிக் டி வ்ரீஸ் வென்றார். உலகம் முழுக்க அதைக் கேலிக்கூத்து என்று திட்டினார்கள். என்னைக் கேட்டால், விதியைத் திட்டலாம், ரேஸைத் திட்ட முடியாது. மிச்சம் பிடித்து வைத்தவன் அன்றைக்கு வென்றான், அவ்வளவுதான்.

பிறேக் விசயத்தையும் சொல்ல வேண்டும், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையை வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் பெடல் கனக்கும், அந்தக் கனம்தான் கரண்டாக வருகிறது. இந்தக் கார் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பதும் அதே வேலைதான். 2023இல் வந்த மூன்றாம் தலைமுறைக் காரில் முன்சக்கர மோட்டார் 250 கிலோவாட், பின்சக்கர மோட்டார் 350 கிலோவாட் வரைக்கும் திருப்பி எடுத்துப் பற்றரிக்கு அனுப்பும். பின்சக்கரத்துக்கு வழக்கமான எண்ணெய் பிறேக்கே கிடையாது. ரேஸில் செலவழிகிற சக்தியில் கிட்டத்தட்ட 40 வீதம் இப்படித் திரும்பி வந்ததுதான் என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். நேர்ப்பாதை முடியும் முன்பே ஓட்டுநர் காலை எடுத்துவிட்டுக் காரை உருள விடுவதைப் பார்த்தால், தெரியாதவர்களுக்கு அது சோம்பல் மாதிரி இருக்கும். உண்மையில் அந்த இடத்தில்தான் அவர் வேலை பார்க்கிறார்.

சரி, பிடிக்காதவர்கள் பக்கத்துக்கு வருவோம். அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது.

பரந்தனில் கராச் வைத்திருக்கும் அண்ணை ஒருவர், லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் எஞ்சினைச் சத்தத்தை வைத்தே என்ன பழுது என்று சொல்பவர். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “சத்தமில்லாட்டி எஞ்சின் வேலை செய்யுதோ செத்துப்போச்சோ எண்டு எப்பிடியடாப்பா தெரியும்?” என்றார். சுருதி போல ஒரு கீச்சொலியும் ரயர் உரசலும் மட்டும்தான் கேட்கும் என்பது உண்மை. அவரை மாற்ற நான் முயலவில்லை. சத்தத்துக்காகவே பந்தயம் பார்க்கிறவருக்கு இதில் ஒன்றுமில்லை.

வட்டக்கச்சிப் பக்கம் இருக்கும் மாமாவின் குறை வேறு. அவர் மாட்டுவண்டிச் சவாரிக்காரர், சத்தம் அவருக்குப் பிரச்சினையில்லை. நான் காட்டியது 2023 போர்ட்லாண்ட் ரேஸ். நீளமான நேர்ப்பாதைகள் உள்ள ஓடுதளம். முதலாவதாகப் போகிறவன் காற்றைக் கிழிக்க வேண்டும், அதனால் அவனுக்குப் பற்றரி கூடுதலாகப் போகும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு மிச்சம். அதனால் யாரும் முதலாவதாகப் போக விரும்பவில்லை. ஒரே ரேஸில் 400க்கு மேல் முந்தல்கள் என்று அமைப்பாளர்கள் பெருமையாக அறிவித்தார்கள். மாமா கேட்டது: “உதென்ன மருமோன், முன்னுக்குப் போக ஆளில்லாத ஓட்டம்? சவாரியிலை ஆரும் மாட்டை இழுத்துப் பிடிச்சு மற்றவனுக்கு வழி விடுவானோ?” அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. விட்டுக்கொடுத்த முந்தலும் போராடி எடுத்த முந்தலும் ஒன்றல்ல, எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது. அந்தப் பருவத்தில் எனக்கே சில ரேஸ்கள் சலித்தன. அதே மாமா, யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்றை மட்டும் ரசித்துப் பார்த்தார். 2022இலிருந்து அது இரண்டு இரண்டு பேராக மோதிக் கடைசியில் ஒருவன் மிஞ்சும் முறைக்கு மாறியிருக்கிறது. ஒருவன் வெல்வான், ஒருவன் வீட்டுக்குப் போவான். ஒளிவு மறைவு இல்லை.

அட்டாக் மோட் என்பதுதான் புதியவர்களைக் குழப்புவது. ஓடுதளத்தில் குறித்த இடத்தில், நல்ல பாதையை விட்டு வெளிப்பக்கமாகப் போய் வந்தால் கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் வலு கிடைக்கும். முந்தைய பருவங்களில் அதனால் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. வெளிப்பக்கம் போனதில் இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவே அது சரியாகிவிடும். 2024 டிசம்பரில் வந்த மேம்படுத்திய காரில் அந்த நேரம் நான்கு சக்கரமும் இழுக்கும், வலுவும் 300 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏறும். அதோடு விளையாட்டே மாறிவிட்டது. முதல் ரேஸ் சாவோ பாவுலோவில். கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட மிட்ச் எவன்ஸ் வென்றார். வேர்லைனின் கார் தலைகீழாகப் புரண்டதும் அதே ரேஸில்தான், நல்லகாலம் அவர் தப்பினார். யாருக்காவது ஒரேயொரு ரேஸ் காட்ட வேண்டுமென்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

அடுத்த பெப்ரவரியில் ஜெட்டாவில் ‘பிட் பூஸ்ட்’ கொண்டுவந்தார்கள். ரேஸ் நடுவே நின்று 30 விநாடியில் பற்றரிக்கு 10 வீதம் ஏற்றிக்கொண்டு போகலாம். அன்றைக்கு மக்சிமிலியன் குந்தர் கடைசிச் சுற்றில் ஒலிவர் ரோலன்டைத் தாண்டி வென்றார். முதல் நான்கு பருவங்களில் ரேஸ் பாதியில் ஓட்டுநர் இறங்கி ஓடிப்போய் இன்னொரு காரில் ஏறுவார், ஒரு பற்றரி முழு ரேஸுக்கும் காணாது. அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார்கள்.

ஃபான் பூஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரசிகர்கள் வாக்குப் போட்டு விருப்பமான ஓட்டுநருக்குக் கூடுதல் வலு கொடுக்கும் முறை. இணையத்தில் ஆள் பலம் உள்ளவருக்கே திரும்பத் திரும்பப் போனது. 2022 பருவத்தோடு எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

எங்களுக்குக் கிட்டவாக நடந்தது 2023 பெப்ரவரி 11 ஹைதராபாத் ரேஸ்தான், ஹுசைன் சாகர் ஏரிக்கரையில். ஜோன் எரிக் வேர்ன் கடைசிச் சுற்றுகளில் பற்றரி குறைவாக இருந்தும் நிக் காசிடியை மறித்து மறித்து வென்றார். நண்பர்கள் இரண்டு பேர் போவதென்று கதைத்தார்கள். அந்த வருடம் டொலர் விலையில் விசாவும் ரிக்கெட்டும் யோசிக்கவே முடியாது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருந்தோம், 2024 ஹைதராபாத் ரேஸ் ரத்தானது. மஹிந்திரா முதல் பருவத்திலிருந்தே இருக்கிற அணி, அந்தப் பருவத்தில் சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் அதில் ஓடினார். தமிழில் வர்ணனை கேட்கக் கிடைத்தால் இன்னும் பல பேர் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பார்ப்பதில் உள்ள தொல்லைகள்: டோக்கியோ ரேஸ் எங்களுக்குப் பகல், பெர்லின் பின்னேரம் அல்லது இரவு, மெக்சிக்கோ என்றால் நள்ளிரவு தாண்டும். ஒரு ரேஸுக்கும் அடுத்ததுக்கும் இடையில் சிலசமயம் வாரக்கணக்கில் இடைவெளி, அதற்குள் யார் எத்தனை புள்ளி என்பது மறந்துபோகும். நேரலை டேற்றாவைக் குடிக்கும், ஊரில் சிக்னல் ஒரு கம்பத்துக்கு ஒரு கம்பம் மாறும். சுருக்கக் காணொளிகளில் மோதலையும் முந்தலையும் மட்டும் வெட்டிப் போடுகிறார்கள், சதவீதக் கணக்கு காணாமல் போய்விடுகிறது. முழுதாகப் பார்க்க முடியாவிட்டால் கடைசி 10 சுற்றையாவது முழுதாகப் பாருங்கள்.

‘இதில் வருகிற தொழில்நுட்பம் நாளைக்கு உங்கள் றோட்டில்’ என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. ஓடியும் பிஎம்டபிள்யூவும் 2021இல் போய்விட்டன, மெர்சிடிஸ் இரண்டு பட்டம் எடுத்துவிட்டு 2022இல் போய்விட்டது. கிளிநொச்சி டவுனில் இப்போது காணக் கிடைக்கும் மின்சார ஸ்கூட்டர்களுக்கும் இந்த ரேஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெற்றோல் வரிசையில் நின்ற அலுப்புத்தான் அவற்றை வாங்க வைத்தது.

2026-27 பருவத்துக்கு நான்காம் தலைமுறைக் கார் வருகிறது, 600 கிலோவாட் வலுவும் எப்போதும் நான்கு சக்கர இழுவையுமாக. வேகம் போதாது என்றவர்கள் சந்தோசப்படுவார்கள், ஒருவேளை கராச் அண்ணை கூட எட்டிப் பார்க்கலாம். என் கவலை வேறு. வலுவும் பற்றரியும் தாராளமாகிவிட்டால் சிக்கனம் பிடிக்க வேண்டிய தேவை குறைந்துவிடுமோ என்பதுதான். முதல் மூன்று நான்கு ரேஸில் கடைசிச் சுற்றுச் சதவீதங்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் கிடந்து இழுபட்டால் தொடர்ந்து பார்ப்பேன். எல்லாரும் 15 வீதத்தோடு கோட்டைத் தாண்டினால், அந்த டேற்றாவை வேறு எதற்காவது வைத்துக்கொள்வேன்.