இடது கிராங்க் பவர் மீட்டர்: இரண்டு வருடம், மூன்று மூடி

விலை இறங்கியதிலிருந்து 'வாங்கலாமா' என்று ஒரே விசாரிப்பு. சைக்கிளின் இடது கிராங்க் கையில் (பெடலைத் தாங்கும் தண்டு) ஒட்டிய பவர் மீட்டர், அதாவது மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி. இரண்டு வருட ஓட்டம், இலக்கு 40 கி.மீ. டைம் ட்ரயலை (தனியாளாக நேரத்தோடு போட்டி போடும் பந்தயம்) ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது. ஒலிம்பிக் தூர ட்ரையத்லானின் சைக்கிள் பகுதியும் அதே 40தான். எடை, புளூடூத், ஏஎன்டி பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பு எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். பெட்டியில் போடாத சங்கதி ஒன்று உண்டு: பேட்டரி மூடி.

காசை வைத்துத் திருகும் பிளாஸ்டிக் வில்லை அது. உள்ளே சிஆர்2032 செல், சுற்றி ஈரம் புகாமலிருக்க நூல்போல ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். முழங்கை ஊன்றும் ஏரோ பாரில் குனிந்து, வீட்டுக்குள் வண்டியை நிறுத்தி மிதிக்கும் ட்ரெயினரில் ஓட்டும்போது வியர்வை நெற்றியிலிருந்து நேராகக் கிராங்க் பக்கம்தான் சொட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக்காற்று வேறு. ஓ-ரிங் காய்ந்ததும் ஈரம் உள்ளே போகும். செல்லைத் தொடும் தகடு பச்சை பிடிக்கும். அதற்கப்புறம் வேகத்தடையில் குலுங்கும்போதெல்லாம் ஒரு நொடி, இரண்டு நொடி வாட் காணாமல் போகும். செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புது செல் போட்டுப் போட்டு மூடியின் காதுதான் உடையும். செல் ஒன்றின் விலையைப் பல மடங்காக்கி மூடிக்கு வாங்குகிறார்கள். இதுவரை இரண்டு மூடி உடைந்து, இப்போது ஓடுவது மூன்றாவது.

வாங்கிவிட்டவர்கள் கவனிக்க: ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ், மெல்லிய பூச்சாக, செல் மாற்றும் ஒவ்வொரு முறையும். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊதிவிடும். தகட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, மரக்குச்சியால் சற்றே மேலே நெம்பிவிடுங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்கள் வருகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைக் கெடுக்கும், பூச்சில்லாததை வாங்குங்கள். மழையில் நனைந்த அன்று மூடியைக் கழற்றி, ராத்திரி முழுக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் கிடக்கட்டும். பிரஷர் வாஷ் காட்டவே கூடாது.

எண் சரியாக வரும் நாளில் இந்தக் கருவியை ஒன்றும் சொல்ல முடியாது. வாங்கும்போது எதிர்பார்த்தது எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட், ஏறுவதைப் பார்க்க. 20 நிமிட டெஸ்டின் சராசரியில் 95 சதவீதம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. எதிர்பாராமல் கிடைத்தது வேறு. ஒரே வாட்டில் உட்காரும் நிலையை மட்டும் மாற்றி ஓட்டினால், காற்று எதில் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

கணக்கு இப்படி. ஆளும் வண்டியும் 80 கிலோ, சமதரை, காற்றில்லை, உருளல் தடை 0.004 என்று வைத்துக்கொள்வோம். காற்றுப்பிடிப்பு அளவு, அதாவது சிடிஏ, 0.27 இருந்தால் மணிக்கு 38 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 221 வாட், 40-க்குச் சுமார் 254. அந்த இரண்டு கிலோமீட்டருக்கு 33 வாட்! காலில் அதை ஏற்ற ஒரு சீசன் முழுக்க உழைத்தாலும் உத்தரவாதமில்லை. சிடிஏ 0.25-க்கு இறங்கினால் அதே 40-க்குச் சுமார் 238 போதும். முழங்கைப் பட்டைகளை நெருக்கி, தலையைத் தோளுக்குள் இறக்கி, கைகளுக்கிடையில் பாட்டிலை மாட்டினாலே இதில் பாதியாவது கிடைக்க வாய்ப்புண்டு. 66 நிமிடத்திலிருந்து 62-க்கு வந்ததில் காலுக்குப் பாதிப் பங்குதான்.

சோதிக்கிற முறை: விடியுமுன், காற்று எழுமுன், போக 4 கி.மீ., வர 4 கி.மீ., 200 வாட்டில். பழைய நிலை, புது நிலை, மறுபடி பழைய நிலை. இரண்டு 'பழைய' ஓட்டமும் ஒத்துவரவில்லை என்றால் அன்றைய கணக்கைக் குப்பையில் போடுங்கள்.

ஒத்துவராததற்குப் பெரும்பாலும் காரணம் ஜீரோ, அதாவது மிதிக்காதபோது பூஜ்யம் எது என்று கருவிக்குச் சொல்லிவைப்பது. ஏசி அறையில் 24 டிகிரியில் கிடந்த வண்டியை வெளியே 29-க்குக் கொண்டுவந்த கையோடு ஜீரோ செய்தால், கிராங்க் சூடேற ஏற அது நகரும். இருபது நிமிடம் வெளியே நிறுத்தி, இடது பெடல் நேர்கீழே இருக்க, காலை எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். 200-இல் இரண்டு சதவீதம் பிசகினால் 4 வாட். பாட்டிலை இடம் மாற்றினால் கிடைக்கிற லாபமே அவ்வளவுதான்.

கிராங்க் 172.5 மி.மீ. இருக்க, செட்டிங்கில் 170 என்று கிடந்தால் 1.5 சதவீதம் குறைத்துக் காட்டும். முறுக்குவிசையை ஆப்பில் காட்டும் மாடல் என்றால், கிராங்கைக் கிடையாக நிறுத்திப் பெடல் அச்சில் சரியாக 10 கிலோ தொங்கவிட்டால் 16.9 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். ஜிம் தட்டை முதலில் தராசில் போடுங்கள், அதிலே எழுதியிருப்பதை நம்ப முடியாது.

இடது காலை அளந்து இரண்டால் பெருக்குவதுதான் பெரிய குறை என்பார்கள். இடது பங்கு 48 சதவீதம் என்றால் உண்மையான 250 வாட் 240 ஆகத் தெரியும். ஒரே ஆள், ஒரே வண்டி என்றால் டைம் ட்ரயல் வேகத்தைப் பிடிக்க அது போதும். முதல் 5 கி.மீ.யில் துள்ளாமல் இருக்கத்தான் எண் வேண்டும். களைப்பில் பங்கு மாறுபவர்களுக்கு மட்டும் உதைக்கும்.

இவ்வளவு புகழ்ந்தபிறகும் பதில்: இந்த விலைக்கும் வேண்டாம். இருபுறமும் அளக்கும் பெடலுக்குக் காசு சேருங்கள். அதுவரை வாட் இல்லாமல் நெஞ்சுப் பட்டையின் துடிப்பைப் பார்த்து ஓட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. யாராவது பழையதை மலிவாகத் தந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் வாட்டைக் கேட்காதீர்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.