இரண்டாவது மாத்திரையோடு நான்கு ஆண்டுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நெருப்பை முன்னால் வைத்துக்கொண்டு வெள்ளியைப் பற்றவைப்பவனுக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது முன்கைத் தழும்பே சாட்சி.

வலிப்புக்கு முதலில் தந்த வால்ப்ரோயேட் மாத்திரை பலிக்கவில்லை. பிறகு பல ஆண்டுகள் கார்பமாசெபின். அளவைக் கூட்டியும் மாதம் நான்கைந்து முறை நினைவு தப்பியது. பொருத்தமான இரண்டு மருந்துகளை முறையாக உட்கொண்டும் அடங்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இப்படித்தான் என்று மருத்துவர் சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

கார்பமாசெபினோடு கூடுதலாக முதலில் தந்தது லெவெடிராசிட்டம், காலை 500, இரவு 500 மில்லிகிராம். ஒரு மாதத்துக்குள் வலிப்பு பாதியாகக் குறைந்தது. கூடவே கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. முத்தைக் கோணலாகப் பதித்த பட்டறைப் பையன் மீது இடுக்கியை வீசினேன். "புது மாத்திரை வந்த பிறகுதாங்க இப்படி ஆகிவிட்டீர்கள்" என்றாள் மனைவி. அதை ஒப்புக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது. வலிப்பு குறைந்திருக்கும்போது மாத்திரையைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதை நிறுத்திப் பிரிவராசிட்டம் கொடுத்தார், வேளைக்கு 50. இரண்டும் மூளையில் ஒரே புரதத்தைப் பற்றுபவை என்பதால் சேர்த்து உண்பதில் கூடுதல் பலன் இல்லையாம். கோபம் தணிந்தது. ஆனால் கொலுசு வளையம் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது! கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பணத்தைச் செலவழித்ததுதான் மிச்சம். புது மருந்து, கார்பமாசெபினிலிருந்து உடலில் உண்டாகும் எபாக்சைடு என்ற பொருளின் அளவை ரத்தத்தில் உயர்த்தும் என்று மருத்துவர் விளக்கி, பழையதைச் சற்றுக் குறைத்தார். பார்வை தெளிந்தது.

இப்போது வலிப்பு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் தூக்கத்தில் வருகிறது. பற்றவைக்கும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். வண்டி ஓட்டுவதில்லை.

ஒரே பெரிய சறுக்கல் ஏற்காட்டில். அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிய பிறகுதான் மாத்திரையை மறந்தது தெரிந்தது. ஒருநாள்தானே என்று தங்கிவிட்டேன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் விழுந்தேன். கண் விழித்தபோது கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து. இரும்பு எதையும் நிறுத்துவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். அன்று முதல் அத்தை வீட்டு அலமாரியிலும் ஒரு அட்டை மாத்திரை இருக்கிறது. காலாவதித் தேதியை அத்தைதான் பார்த்துச் சொல்கிறார்.